வளராத மீன்

"மீனுக்கெல்லாம் போட்டோ எடுத்து வாசல்ல மாட்டியிருக்காங்க அண்ணி. என் கல்யாண போட்டோ இன்னும் பீரோ மேல தூசி தின்னுட்டுக் கிடக்கு" என்றான் ரேடியோ.

அண்ணி முலாம் பூசும் தொழிற்சாலையின் வாசலில் நின்ற பெரிய பலகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். உச்சியில் 'எங்கள் மீன்கள் நலம்' என்று பச்சை எழுத்து. அதற்குக் கீழே வரிசையாகப் படங்கள். ஒவ்வொரு படத்திலும் வெள்ளை ஓடு பதித்த ஒரு தொட்டி, தொட்டியில் கொஞ்சம் கெண்டைக் குஞ்சுகள்.

ரேடியோ என்பது அவன் பெயரல்ல. வாயைத் திறந்தால் அணைக்க முடியாது என்பதால் தெருக்காரர்கள் வைத்த பட்டம். அவனுடைய அண்ணன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். கடையின் பின்பாதியில், கண் பரிசோதனை எழுத்துப் பலகைக்கு அந்தப் பக்கம், அண்ணியின் துப்பறியும் நிலையம். முன்னால் அண்ணன் கண்ணைப் பார்ப்பார். பின்னால் அண்ணி கண்ணில் படாததைப் பார்ப்பாள். ரேடியோ இரண்டு பக்கத்துக்கும் டீ வாங்கி வந்து இரண்டு பக்கத்திலும் திட்டு வாங்குவான். உதவியாளர் என்று அண்ணி சொல்லுவாள். தண்டச்சோறு என்று அண்ணன் சொல்லுவார். ரேடியோவுக்கு இரண்டிலும் வருத்தமில்லை.

இன்றைக்கு அவர்களை இங்கே இழுத்து வந்தது சலவைக்கடை அக்கா. தொழிற்சாலை மதிலுக்குப் பின்னால் இறங்கும் தெருவில் கடை, கடைக்குப் பின்னால் வீடு, வீட்டுக்குப் பின்னால் கிணறு. அக்காவின் உலகம் அவ்வளவுதான். இடுப்பில் ஒரு மூட்டையை இடுக்கிக்கொண்டு நின்றவள், அதிலிருந்து ஒரு சட்டையை உருவி அண்ணியின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"இது எந்தக் கலர் மேடம்?"

"வெளிர் மஞ்சள்."

"வெள்ளையா குடுத்தாங்க. துவைச்சதும் இப்படி ஆயிடுச்சு. நேத்து நர்ஸம்மா வந்து, 'அக்கா, நாங்க துவைக்கத்தான் குடுத்தோம், சாயம் போடக் குடுக்கல'ன்னு சொல்லிட்டுப் போறாங்க. மூஞ்சில அடிச்ச மாதிரி இருந்துச்சு. கிணத்துல வாளியை விட்டா மஞ்சளாத்தான் மேல வருது. ஆபீஸ்ல போய் அழுதா, 'மீன் உயிரோட இருக்கேம்மா'ங்கிறாங்க!"

மீன் விவகாரம் இதுதான். இந்தத் தொழிற்சாலைக்கு அனுமதி கொடுத்தபோது அரசாங்கம் ஒரு நிபந்தனை போட்டது. கழிவுநீரைச் சுத்தம் செய்து ஒரு தொட்டிக்குள் விட வேண்டும். தொட்டியில் மீன் இருக்க வேண்டும். மீன் உயிரோடு இருந்தால் தண்ணீர் நல்ல தண்ணீர். அரையாண்டுக்கு ஒருமுறை ஓர் அலுவலர் உள்ளே போய்ப் பார்த்து அறிக்கை எழுதுவார். அவர் வந்து போன பிறகு தொழிற்சாலைக்காரர்கள் புதிதாக ஒரு படத்தை வாசலில் மாட்டிவிடுவார்கள்.

"நாளைக்குக் காலையில விசாரணை. ரெண்டாவது யூனிட் கட்ட அனுமதி கேக்குறாங்க. 'இதுவரை எல்லா ஆய்விலும் குறையில்லை'ன்னு எங்க தெருச் சுவத்துலயே நோட்டீஸ் ஒட்டியிருக்கு. ஒண்ணுக்கே கிணறு இந்த லட்சணம். ரெண்டாவதும் வந்துச்சுன்னா நான் கடையை மூடிட்டுப் போக வேண்டியதுதான். எங்க போறதுன்னுதான் தெரியல" என்றாள் அக்கா.

அண்ணி பலகையை விட்டுக் கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

"டேய், கடைசிப் படத்துல மீன் எவ்வளவு நீளம்?"

"நான் என்ன அளவுகோலா? ம்... தொட்டியில பதிச்ச ஓடு அளவு இருக்கு. ஒரு ஓடு."

"முதல் படத்துல?"

"அதுவும் ஒரு ஓடு."

"நடுவுல இருக்கிற படத்துல?"

ரேடியோ ஒவ்வொன்றாக எக்கிப் பார்த்தான். "எல்லாமே ஒரு ஓடுதான் அண்ணி. ரொம்ப ஒழுக்கமான மீனுங்க. வரம்பு மீறவே இல்ல."

"அது கெண்டை. நல்ல தண்ணில விட்டா ரெண்டு வருஷத்துல முழங்கை நீளத்துக்கு வந்துரும். இந்தப் பலகை எத்தனையோ வருஷமா நிக்குது."

"அப்படின்னா இது அதே மீன் இல்ல."

"ஒவ்வொரு படத்துலயும் வேற வேற மீன். பழசு செத்துருக்கு, புதுசு வந்திருக்கு. யாரோ வாங்கிட்டு வந்து விடுறாங்க." அண்ணி முதன்முறையாகத் திரும்பினாள். "உயிர் மீனைத் தூக்கிட்டு ரொம்ப தூரம் போக முடியாது. இந்த ஊர்ல கெண்டைக் குஞ்சு எங்க கிடைக்கும்?"

"பஸ் ஸ்டாண்ட் பக்கம் மீன் தொட்டிக் கடை ஒண்ணு இருக்கு. அதை விட்டா வேற கடை இல்ல மேடம்" என்றாள் அக்கா. அவள் முகத்தில் விளக்குப் போட்ட மாதிரி ஒரு வெளிச்சம். அதைப் பார்க்க ரேடியோவுக்குச் சங்கடமாக இருந்தது. துப்பறியும் நிலையத்துக்கு வருகிற எல்லோருக்கும் முதல் துப்பு கிடைத்ததும் இந்த வெளிச்சம் வரும். அது எத்தனை பேருக்கு நிலைத்தது என்று அவனுக்குத் தெரியும்.

*

மீன் தொட்டிக் கடைக்காரர் மீன்களிடம் குழைந்து பேசுகிற மனிதர். வாடிக்கையாளர்களிடம் அப்படி இல்லை. ரேடியோ உள்ளே நுழைந்ததும் மேலும் கீழும் பார்த்தார். அண்ணி கண்ணாடித் தொட்டிகளை வேடிக்கை பார்க்கிறவள் போல ஓரமாக நின்றாள். அக்கா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அண்ணே, கெண்டைக் குஞ்சு கொஞ்சம் வேணும்."

"எதுக்கு?"

"வளர்க்கத்தான்."

"தொட்டி எவ்வளவு பெருசு?"

ரேடியோ இதை எதிர்பார்க்கவில்லை. இரண்டு கையையும் விரித்து ஓர் அளவு காட்டினான்.

"அது தொட்டியா, சாப்பாட்டு டப்பாவா? தீனி என்ன போடுவ?"

"வீட்டுல நாங்க என்ன சாப்பிடுறோமோ..."

"போயா வெளிய! நீயும் அந்த ஆள் மாதிரிதானா?"

ரேடியோ வாயை மூடிக்கொண்டான். அது அபூர்வமாக நடக்கிற விஷயம். அண்ணி தொட்டியிலிருந்து கண்ணை எடுத்து மெதுவாகக் கேட்டாள்: "எந்த ஆள் சார்?"

கடைக்காரருக்கு யாரிடமாவது கொட்டித் தீர்க்க வேண்டும் போலிருந்தது. "ஒருத்தர் வருவாரும்மா. அரை வருஷத்துக்கு ஒரு தடவை வந்து குஞ்சு வாங்கிட்டுப் போவாரு. இதுவரைக்கும் ஒரு தடவை கூட தீனி வாங்கினது கிடையாது. மீன் வாங்கிட்டுத் தீனி வாங்காம போறவன் வளர்க்கவா போறான்? சமைக்கலாம்னா அதுல சதையும் கிடையாது. இந்தத் தொழில்ல எல்லாரும் எந்த மீன் அழகா இருக்கும்னு கேப்பாங்க. அவரு அப்படிக் கேக்க மாட்டாரு. 'எது ரொம்ப நேரம் தாங்கும்'னு கேப்பாரு."

"தாங்குற மீன் எது?" என்று கேட்டுவிட்டான் ரேடியோ.

"எதைத் தாங்கணும்னு அவரு சொன்னதில்லையே."

"கடைசியா எப்ப வந்தாரு?" என்றாள் அண்ணி.

"இன்னைக்குக் காலையில. எப்பவும் ஒரு பாட்டில் கொண்டு வருவாரு. இன்னைக்கு அதுல அடியில விரிசல். மீனைப் பாலித்தீன் பையில போட்டுக் குடுத்தேன். அதை ஹெல்மெட்டுக்குள்ள வெச்சு, ஹெல்மெட்டைப் பச்சைப் பிள்ளையைப் பிடிக்கிற மாதிரி பிடிச்சுட்டுப் போனாரு. பாட்டில் அந்தா கிடக்கு."

அகன்ற வாய் கொண்ட பிளாஸ்டிக் பாட்டில். அண்ணி அதை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினாள். கழுத்துப் பகுதியில் காய்ந்த அரக்குத் துணுக்குகள் சிவப்பாக ஒட்டியிருந்தன. மூடிக்குக் கீழே அறுந்த நூல் ஒன்று.

வெளியே வந்ததும் ரேடியோ துள்ளினான். "முடிஞ்சுது அண்ணி! மேனேஜர்தான். மீனை மாத்தி ஊரை ஏமாத்துறான். நாளைக்கு விசாரணையில இந்தக் கடைக்காரரைக் கொண்டுபோய் நிறுத்தினா மேனேஜர் மூஞ்சி அந்தக் கிணத்துத் தண்ணி கலருக்கு மாறிடும்."

"மேனேஜருக்கு மீன் வேணும்னா டிரைவரை அனுப்புவாரு. டிரைவர் டிரம்மோட வருவான். ஹெல்மெட்டுல ஏந்திட்டுப் போக மாட்டான். இது தனியா வர்ற ஆள்."

"சரி, மேனேஜரோட மச்சான்."

"இந்த பாட்டிலைப் பாரு. தண்ணியைப் புடிச்சு, மூடி, நூல் கட்டி, அரக்கு உருக்கி ஊத்தி சீல் வெச்சிருக்காங்க. இப்படி யாருடா தண்ணியைப் பத்திரப்படுத்துவாங்க?"

ரேடியோ யோசித்தான். "தண்ணிப் பஞ்சத்துல இருக்கிறவன்."

"தண்ணியைப் பரிசோதனைக்கு எடுக்கிறவன். தொழிற்சாலைக்கு உள்ள போறதுக்கும், தண்ணி எடுக்கிறதுக்கும், சீல் வைக்கிறதுக்கும் அதிகாரம் இருக்கிறவன். அரையாண்டுக்கு ஒரு தடவை போறவன்."

ரேடியோவுக்கு உறைத்தது. "ஐயோ. மீனைப் பாக்கப் போறவரே மீனைக் கொண்டுபோறாரா?"

அக்கா மூட்டையை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "பாவி மனுஷன். எவ்வளவு வாங்கியிருப்பான்?" என்றாள்.

*

சுற்றுச்சூழல் அலுவலகத்தில் முதலில் வருவது அனுமதிப் பிரிவு. குளிரூட்டிய பெரிய கூடம், மெத்தை வைத்த நாற்காலிகள், கோப்பும் கையுமாகக் கூட்டம். அதைத் தாண்டி, நகல் எடுக்கும் எந்திரத்தைத் தாண்டி, கைகழுவும் இடத்தையும் தாண்டினால் நடையின் கடைசியில் ஓர் அறை. 'அனுமதிக்குப் பிந்தைய கண்காணிப்பு' என்று கதவில் எழுதியிருந்தது. உள்ளே பாதி அறைக்கு உடைந்த நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். மீதிப் பாதியில் ஒரு மேசை, ஒரு மனிதர்.

"பாத்தீங்களா அண்ணி. கல்யாணத்துக்கு ஊரே வருது, பிரசவத்துக்கு ஒருத்தரும் இல்ல" என்று முணுமுணுத்தான் ரேடியோ.

ஓய்வுக்குப் பக்கத்தில் இருக்கிற வயது. ஒல்லியான உடம்பு. சட்டைக் காலர் உள்புறம் வெளியே வரும்படி திருப்பித் தைக்கப்பட்டிருந்தது. அவர்களைப் பார்த்ததும் மேசைமேல் மல்லாந்து கிடந்த ஹெல்மெட்டின் மீது அவசரமாகக் கைக்குட்டையைப் போட்டு மூடினார். ரேடியோ மனதுக்குள் அவருக்கு 'அரக்கு சார்' என்று பெயர் வைத்துவிட்டான்.

ஹெல்மெட்டுக்குள்ளிருந்து 'களுக்' என்று சத்தம் வந்தது.

"சார், உங்க ஹெல்மெட்டு மூச்சு விடுது" என்றான் ரேடியோ.

அண்ணி பாட்டிலை மேசைமேல் வைத்தாள். "கடையில விட்டுட்டு வந்துட்டீங்க."

அரக்கு சார் பாட்டிலைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார், வாசலில் மூட்டையோடு நின்ற அக்காவைப் பார்த்தார். ஓடவில்லை, மழுப்பவில்லை. உடைந்த நாற்காலிகளில் ஓரளவு முழுசாக இருந்ததை இழுத்துப் போட்டு, "உக்காருங்க. ஆடாம உக்காரணும், இல்லன்னா சாஞ்சிரும்" என்றார்.

"எவ்வளவு குடுத்தாங்க?" என்றாள் அண்ணி.

அவர் சிரித்தார். "குடுத்திருந்தா ஹெல்மெட்டாவது புதுசா இருந்திருக்குமேம்மா. இந்த மீனு என் கைக்காசு."

ரேடியோ அண்ணியைப் பார்த்தான். அண்ணி வழக்கு முடிந்த முகத்தோடு வந்திருந்தாள். இப்போது அந்த முகத்தில் வழக்கு மறுபடி திறந்துகொண்டது.

"யாருமே காசு குடுக்காம எதுக்கு சார் இந்த வேலை?"

"இதுக்கு முந்தி என் கண்காணிப்புல ஒரு சாயப்பட்டறை இருந்துச்சு. அங்கயும் இதே மாதிரி தொட்டி, இதே நிபந்தனை. போய்ப் பாத்தேன். மீனெல்லாம் வயித்தைக் காட்டிட்டு மிதந்துச்சு. அப்படியே எழுதினேன், எல்லா மீனும் சாவுன்னு. என்ன ஆச்சு தெரியுமா? 'மீன் வளர்ப்பது எங்கள் தொழில் அல்ல, இந்த நிபந்தனையை நீக்குங்கள்'னு அவங்க ஒரு மனு போட்டாங்க. நீக்கிட்டாங்க. நிபந்தனை போனதும் எனக்கு அங்க வேலை இல்லன்னு ஆயிடுச்சு. அடுத்த தடவை போனா வாட்ச்மேன் கேட்டைத் திறக்கல. இன்னைக்கு வரைக்கும் திறக்கல."

அவர் கைக்குட்டையை விலக்கினார். பைக்குள் குஞ்சுகள் ஒன்றின்மேல் ஒன்று இடித்துக்கொண்டு சுற்றின.

"இந்த முலாம் பட்டறையில முதல் தடவை போனப்ப தொட்டில ஒண்ணுமே இல்ல. எழுதினா இங்கயும் கேட்டு சாத்திரும். நான் உள்ள போறதுக்கு இருக்கிற ஒரே சீட்டு இந்த மீன்தான். அதான் கடைக்குப் போயி நானே வாங்கிட்டு வந்து விட்டேன். அங்க சுத்திகரிப்பு எந்திரத்தை ஓட்டுறதே இல்லன்னு எனக்கு சந்தேகம். நான் போற அன்னைக்கு மட்டும் சத்தம் கேக்கும், அதனால நான் எடுக்கிற தண்ணில ஒண்ணும் சிக்காது. அந்தப் பக்கம் விட மாட்டாங்க, தொட்டி வரைக்கும்தான். இந்தத் தடவை இல்லன்னா அடுத்த தடவை எப்படியாவது பாத்துரலாம்னு ஒவ்வொரு தடவையும்..."

"அவங்களுக்குத் தெரியாதா, நீங்க மீன் கொண்டு வர்றது?"

"தெரியாம? போட்டோ எடுக்கிறதே அவங்கதானேம்மா. 'சார் வந்துட்டாரு, மீன் வந்துருச்சு'ன்னு வாட்ச்மேன் உள்ளே குரல் குடுப்பான்."

ரேடியோவுக்கு உடனே ஒரு நக்கல் வந்தது. அக்காவைப் பார்த்துவிட்டு அதை அடக்கிக்கொண்டான்.

வாசலிலிருந்து அக்கா கேட்டாள். "சார், இத்தனை வருஷமா வந்திருக்கீங்க. என் கிணறு மதிலுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கு. ஒரு தடவை எட்டிப் பாக்கலையே?"

"காம்பவுண்டுக்கு உள்ள இருக்கிறதைத்தான் பாக்கணும்னு உத்தரவும்மா. உங்க கிணறு வெளிய இருக்கு."

"தண்ணிக்கு அந்த உத்தரவு போய்ச் சேரலையே சார்."



"நாளைக்கு விசாரணைக்கு வர்றீங்களா?" என்றாள் அண்ணி.

"எந்த விசாரணை?"

"ரெண்டாவது யூனிட்டுக்கு."

அவர் எழுந்துவிட்டார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. "ரெண்டாவது யூனிட்டா? இங்கயா?"

"இதே கட்டடத்துல, முன் கூடத்துல."

"அது அவங்க பிரிவு. எங்களுக்கு எதுவும் சொல்ல மாட்டாங்க. இன்னைக்குத் திடீர்னு போய்ப் பாத்துட்டு வான்னாங்க... அதுக்குத்தானா?"

"தெருவெல்லாம் நோட்டீஸ் ஒட்டியிருக்காங்க சார். இதுவரை எல்லா ஆய்விலும் குறையில்லைன்னு. உங்க ஆய்வுதான் அது. உங்க அறிக்கையைக் காட்டித்தான் அனுமதி கேக்குறாங்க."

"என் அறிக்கையை யாரும் படிக்கிறதில்லன்னு நினைச்சேன்" என்றார் அவர், குழந்தை மாதிரி.

"கம்பெனி படிச்சிருக்கு."

ரேடியோ குனிந்து நாற்காலியை நிமிர்த்தினான். "சார், இன்னைக்கு மீன் போடாதீங்க. வெறும் தொட்டின்னு எழுதிருங்க. சோலி முடிஞ்சுது."

"வெறும் தொட்டின்னு எழுதினா, 'நேற்றுதான் சுத்தம் செய்தோம்'னு ஒரு பதில் வரும். நான் ஏற்கெனவே எழுதினது எல்லாம் அப்படியே நிக்கும். அதெல்லாம் பொய்னு சொல்றதுக்கு ஒரே ஒரு ஆளாலதான் முடியும்." அவர் தன் மேசையைத் தடவிப் பார்த்தார். "வேலை போயிரும். ஓய்வூதியமும் இழுபறி ஆயிரும். போகட்டும். சொல்லிடறேன்."

அக்கா மூட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள். அண்ணி ஹெல்மெட்டிலிருந்த பையை எடுத்துக்கொண்டாள். வெளியே வரும்போது ரேடியோவிடம், "அந்த மீனைக் கடையில திருப்பிக் குடுத்துட்டு வா" என்று மட்டும் சொன்னாள்.

கடைக்காரர் பையை வாங்கிப் பார்த்து, வாழ்க்கையில் முதல் முறையாக ரேடியோவைப் பார்த்துச் சிரித்தார்.

*

விசாரணைக் கூடத்தில் தலைவர் நல்ல மனிதராகத் தெரிந்தார். மெல்லிய குரல். யார் பேசினாலும் தலையை ஆட்டிக் கேட்டார். அவருக்கு இரண்டு பக்கமும் உறுப்பினர்கள். எதிரே கம்பெனியின் வக்கீல், பளபளவென்ற காலணி, கையில் ஒரு தாளும் இல்லாமல் உட்கார்ந்திருந்தார். ஒன்றுமே கொண்டு வராத வக்கீலைப் பார்த்ததுமே ரேடியோ அண்ணியின் பக்கம் திரும்பினான்.

அரக்கு சார் எழுந்து நின்று சொன்னார். ஒன்றையும் விடவில்லை. தொட்டி காலியாக இருந்தது, கடையில் மீன் வாங்கியது, தான் எழுதிய ஓர் அறிக்கையும் உண்மையில்லை என்பது வரை. கூடம் சலசலத்தது. பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். அக்கா ரேடியோவின் முழங்கையைப் பிடித்து நசுக்கினாள்.

தலைவர் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் எழுந்தார். வருத்தப்பட்ட முகம்.

"ஐயா, எங்களுக்கு இது பேரதிர்ச்சி. எங்கள் வளாகத்துக்குள் ஓர் அரசு அலுவலர், எங்கள் அனுமதியே இல்லாமல், வெளி மீன்களைக் கொண்டு வந்து விட்டிருக்கிறார். எங்கள் தொட்டியில் என்ன நோய் பரவியதோ தெரியவில்லை."

"பொய்! போட்டோ எடுத்ததே நீங்கதானே!" என்று கத்தினான் ரேடியோ.

"பார்வையாளர்கள் அமைதி" என்றார் தலைவர், கனிவாக.

வக்கீல் தொடர்ந்தார். "படம் எடுத்தோம். அலுவலர் மீனைக் காட்டினார், நாங்கள் நம்பி எடுத்தோம். இப்போது அவரே தன் அறிக்கை முழுவதும் பொய் என்கிறார். நாங்கள் மறுக்கவில்லை. அப்படியென்றால் அந்த அறிக்கைகளை ஒதுக்கிவிடுவோம். மிச்சம் என்ன இருக்கிறது? முதல் அனுமதிக்கு முன்னால் நடந்த ஆய்வு. அதன்படி இந்தப் பகுதியின் நிலத்தடி நீர் தெளிவானது. அதன் பிறகு தண்ணீர் கெட்டது என்பதற்கு, நம்பத்தகுந்த ஒரே ஓர் ஆய்வு கூட இந்த அலுவலகத்தில் இல்லை."

ரேடியோ அண்ணியைப் பார்த்தான். அண்ணி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

"அதோடு ஒரு வேண்டுகோள். யார் வேண்டுமானாலும் மீனை மாற்றிவிடக்கூடிய ஒரு தொட்டியை வைத்து எப்படிக் கண்காணிப்பது? அந்த நிபந்தனையையே நீக்கிவிடும்படி கேட்டுக்கொள்கிறோம்."

அக்கா எழுந்துவிட்டாள். மூட்டைக்குள்ளிருந்து ஒரு பாட்டிலை எடுத்துத் தூக்கிக் காட்டினாள். எலுமிச்சம்பழச் சாறு மாதிரி இருந்தது தண்ணீர். "இதைப் பாருங்க ஐயா! இன்னைக்குக் காலையில இறைச்சது. அறிக்கை பொய்யா இருக்கட்டும், மீன் பொய்யா இருக்கட்டும். இது பொய்யா?"

தலைவர் முன்னால் சாய்ந்து பாட்டிலைப் பார்த்தார். உண்மையாகவே அவர் முகம் வாடியது. "உங்க கஷ்டம் புரியுதும்மா. ஆனா இதை யார் எடுத்தது, எங்க எடுத்ததுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? அதிகாரம் உள்ள அலுவலர் முன்னிலையில எடுத்து, சீல் வெச்சுக் கொண்டு வரணும். அப்பதான் பரிசோதனைக்கு அனுப்ப முடியும்."

"அந்த அலுவலர் யாருங்க?"

பக்கத்திலிருந்த உறுப்பினர் தலைவரின் காதில் ஏதோ சொன்னார். தலைவர் தொண்டையைச் செருமினார்.

"கண்காணிப்புப் பிரிவு அலுவலர். ஆனா... அவரே ஒப்புக்கொண்ட காரணத்தால், இந்த நிமிஷத்திலேர்ந்து அவர் பணி இடைநீக்கம் செய்யப்படுறார். அந்த இடத்துக்கு வேற ஆள் போட்டதும் நீங்க மனு குடுக்கலாம்."

"எப்ப போடுவீங்க?"

தலைவர் உறுப்பினரைப் பார்த்தார். உறுப்பினர் மேசையைப் பார்த்தார்.

மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் எல்லாம் முடிந்தது. இரண்டாவது யூனிட்டுக்கு அனுமதி. மீன் தொட்டி நிபந்தனை நீக்கம். அதற்குப் பதில் புதிதாக நிறைய நிபந்தனைகள், ஒன்றைவிட ஒன்று கடுமையானவை, படிக்கப் படிக்கக் கூட்டமே அசந்துபோனது. அவை அனைத்தும் நிறைவேறுகின்றனவா என்று கண்காணிப்புப் பிரிவு தொடர்ந்து கவனித்து வரும் என்று தலைவர் முடித்தார்.

வெளியே படிக்கட்டில் அரக்கு சார் உட்கார்ந்திருந்தார். அவரது அடையாள அட்டையை வாங்கிக்கொண்டிருந்தார்கள். இவர்கள் மூவரையும் பார்த்ததும் எழுந்து அக்காவிடம் வந்தார்.

"உங்க கிணத்தைப் பாக்கலாமாம்மா?"

"இப்ப பாத்து என்ன சார் ஆகப் போகுது?"

"ஒண்ணும் ஆகாது" என்று ஒப்புக்கொண்டார் அவர். ஆனாலும் அவர்கள் பின்னாலேயே நடந்து வந்தார்.

ரேடியோ அண்ணியின் பக்கத்தில் நெருங்கி, குரலைத் தாழ்த்திக் கேட்டான். "அண்ணி, நாம துப்பே துலக்காம இருந்திருந்தா?"

"நிபந்தனை இருந்திருக்கும். அரையாண்டுக்கு ஒரு தடவை கேட்டு திறந்திருக்கும். உள்ள போக ஒரு ஆள் இருந்திருப்பாரு."

"அப்ப அந்தக் கேட்டைப் பூட்டினது..."

"நாமதான்" என்றாள் அண்ணி. அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

கிணற்றடியில் அரக்கு சார் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். வாளியை இறக்கி, தூக்கி, உள்ளங்கையில் கொஞ்சம் தண்ணீரை ஏந்தி வெயிலில் பிடித்தார். பிறகு அதைக் கீழே ஊற்றிவிட்டு, கையைச் சட்டையில் துடைக்கப் போனவர், சட்டை வெள்ளை என்று ஞாபகம் வந்து கையை அப்படியே நீட்டிக்கொண்டு நின்றார். மதிலுக்கு அந்தப் பக்கம் லாரிகள் வரத் தொடங்கியிருந்தன. யாரோ கல் இறக்குகிற சத்தம்.

அக்கா கடைக்குள் போனாள். அலமாரியிலிருந்த வெள்ளைத் துணிகளை எல்லாம் எடுத்துத் தனியே அடுக்கினாள். நர்ஸம்மாவுடையது, பள்ளிக்கூட வாத்தியாருடையது, மருந்துக்கடைக்காரருடையது. துவைக்காமலேயே ஒவ்வொன்றையும் மடித்து, பெயர் எழுதிய துண்டைக் குத்தி, திருப்பிக் கொடுப்பதற்காகக் கூடையில் வைத்தாள். கூடை நிரம்பி வழிந்தது. அலமாரியில் மிஞ்சியவை கொஞ்சம்தான். ஒரு கருநீலக் கால்சட்டை, சில பூப்போட்ட திரைச்சீலைகள்.

பிறகு ஓர் அட்டையையும் மை பேனாவையும் எடுத்து வந்து ரேடியோவிடம் நீட்டினாள். "தம்பி, உங்க கையெழுத்து நல்லா இருக்கும்னு மேடம் சொன்னாங்க. பெருசா எழுதிக் குடுங்க. வெள்ளைத் துணி எடுக்கப்பட மாட்டாதுன்னு."

ரேடியோ தரையில் உட்கார்ந்து எழுதினான். எழுத்துகள் கோணாமல் இருக்க மூச்சைப் பிடித்துக்கொண்டான். முடித்துவிட்டுத் தலையை நிமிர்த்தினான்.

"எது வரைக்கும்னு கீழ போடட்டுமாக்கா?"

அக்கா அட்டையை அவன் கையிலிருந்து வாங்கி, மை காய்வதற்காக ஊதினாள்.

"இடம் விட்டிருக்கீங்களா?"

"விட்டிருக்கேன்."

"அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லி, வாசல் ஆணியில் மாட்டினாள்.